ஓக் இல்லாத மலைகள்

தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஓக் மரம் எதுவென்று கேட்டால், தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கைக் காட்டுவர். அஃது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறொரு குடும்பத்து மரம். பெயரில் மட்டுமே ஓக். உண்மையான ஓக் இலங்கைக் காடுகளில் இயற்கையாக வளர்வதில்லை.

தென் ஐரோப்பாவின் வெப்பச் சரிவுகளில், சுண்ணாம்புப் பாறைமீது மெல்லிய மண்ணே படிந்த இடங்களில், ஓக் மரங்கள் குட்டையாகவும் இடைவெளி விட்டும் நிற்கின்றன. மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கிவிடுவதால் வறட்சியைத் தாங்குவனவே அங்கு வாழும். மரங்களினூடே வெயில் விழுவதால் புல்லும் மலர்ச்செடிகளும் அடியில் செழிக்கின்றன. இவ்வாறு சேர்ந்து வாழ்வனவற்றைத் தாவரச் சமுதாயம் என்பர்.

மண்ணுக்கேற்ற செடி என்பதைத் தேயிலைத் தொழிலாளர் நன்கறிவர். தேயிலை புளிப்பு மண்ணை விரும்புவது. புளிப்பு மிஞ்சினாலோ டொலமைட் என்னும் கல்தூளை இடுவர்.

நம் மலைநாட்டில் அந்த ஓக் காட்டுக்கு ஒப்பாகச் சொல்லத்தக்கவை ஊவாவின் உலர் பத்தனைகள். பத்தனை என்பது மலைப் புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல். கொட்டகலைக்கு அருகே அப்பெயரில் ஓர் ஊரும் உண்டு. பியர்சன் என்னும் தாவரவியலார் 1899இல் இவற்றைப் பற்றி எழுதியபோது, ஏறத்தாழ 4,500 அடிக்கு மேற்பட்டவற்றை ஈரப் பத்தனை என்றும், கீழ்ப்பட்டவற்றை உலர் பத்தனை என்றும் வகுத்தார். உலர் பத்தனையில் மானாப்புல்லினிடையே நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை ஆகியவை தனித்தனியே நிற்கும்.

இச்சமுதாயத்தைத் தெரிந்தெடுத்தவற்றுள் தீயும் ஒன்று. தடித்த பட்டையுடையனவும் வேரிலிருந்து மீண்டும் துளிர்ப்பனவும் பிழைத்தன. ஏனைய கன்றுகள் கருகின. இளம்புல் வேண்டி மனிதன் ஆண்டுதோறும் நெருப்பு வைத்தால், காடு திரும்ப வழியேது?

கொத்மலைவாசிகளுக்கும் இதில் பங்குண்டு. மானாப்புல் இங்குள்ள சரிவுகளிலும் வளர்வதே. எரிந்து வெறுமையான சரிவில் விழும் பெருமழை மேல்மண்ணை அரித்து ஓயாவில் சேர்க்கும். 1985இல் நிறைவெய்திய கொத்மலை நீர்த்தேக்கம் அந்த மண்ணைத் தன் அடியில் தாங்க வேண்டியதாகிறது. ஓரங்குல மண் உருவாக நூற்றாண்டுகள் செல்லும். அது கரைய ஒரு மாரியே போதும்.

மாணவர்களே, விடுமுறையில் ஒரு புல்சரிவில் ஒரு கெஜச் சதுரத்தை அளந்து, அதில் எத்தனை வகைச் செடிகள் உள்ளன என்று எண்ணுங்கள். எரிந்த சரிவிலும் அவ்வாறே எண்ணுங்கள். இரண்டு கணக்கையும் வீட்டுப் பெரியோரிடம் காட்டுங்கள். தீக்குச்சியைக் கீழே வைக்க அதுவே தக்க காரணமாகும்.