மின்னியற் கல்வியும் தாய்மொழியும்

பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயிலப் புகும் நம் மாணவர் எதிர்கொள்ளும் முதற் பாடங்களுள் மின்னியலும் இலத்திரனியலும் அடங்கும். பாடசாலையில் தமிழிற் கற்றவர்க்கு ஆங்கே விரிவுரைகள் ஆங்கிலத்தில் அமைகின்றன. சூத்திரங்களை மனனஞ் செய்தே சித்தியெய்தலாமெனப் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் கேடு விளைப்பதென்பதே எமது துணிபு.

தமிழாசிரியராகிய எமக்கு இதில் என்ன அலுவல் என வினவலாம். கருத்தை மனத்திற் பதிப்பது சொல்லன்றோ? மின்னோட்டம், தடை, சுற்று என்பன பொருள் தாமே விளங்குஞ் சொற்கள். தோட்டத்து வாய்க்கால் இரண்டாகப் பிரியுமிடத்து, வந்த நீரே இரு கிளைகளிலும் பகிர்ந்து செல்வதை நம் பிள்ளைகள் அறிவர். சந்தியொன்றிற் புகும் மின்னோட்டமும் அதனின்று நீங்கும் மின்னோட்டமும் சமமென்னும் கேர்ச்சோப்பின் விதியும் அத்தகையதே. 1845 இல் அதனை வெளியிட்டபோது அவர் 21 வயது மாணவர். 1827 இல் தம் விதியை நூலாக வெளியிட்ட ஓம், பாடசாலை ஆசிரியராய்ப் பணியாற்றியவர். 12 வோல்ற்று அழுத்தம் 4 ஓம் தடையினூடே 3 அம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்துங் காரணத்தை உணர்ந்தவன், எம்மொழியில் வினவினுந் தடுமாறான். உணராதவனோ சுற்று சற்றே மாறினுந் திகைப்பான்.

ஆங்கிலம் வேண்டாவென்று நாம் கூறவில்லை. அதனை நன்கு கற்றல் மாணவர் கடன். ஆயினும், விளங்காத பொருளை வேற்றுமொழியில் ஏற்றுதல் மணலிற் கட்டிய வீடாகும். பொறியியலாளராய் விளங்கும் பழைய மாணவர் ஆண்டுக்கு ஒருநாளேனும் கல்லூரிக்கு வந்து, மின்கலமும் மின்குமிழும் அம்பியர்மானியுங் கொண்டு, உயர்தர மாணவர்க்கு இவற்றைத் தமிழில் விளக்கிக் காட்டுவாராக. கட்டடத்தினுஞ் சிறந்த யூபிலிக் கொடை அதுவே.