இருபது கட்டங்களும் முப்பத்தொரு பிள்ளைகளும்



ஆறாம் ஆண்டை முடித்துச் செல்லும் பிள்ளைகள் பள்ளிக்கு நினைவுப் பொருள் ஒன்றை விட்டுச் செல்வது நல்ல வழக்கம். சுவர்க் கடிகாரம், மின்விசிறி என்று கடையில் வாங்கி வைப்பதைவிட, அவர்களே தம் கையால் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைத்து மண்டபச் சுவரில் மாட்டலாம் என்று ஒரு பள்ளியில் முடிவெடுத்தார்கள். (பள்ளியின் பெயர் வேண்டா. இந்தப் போக்கு ஒரு பள்ளிக்கு மட்டும் உரியதன்று.) கேட்டு மகிழ்ந்தேன். ஆனால், அடுத்து வந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

கையில் இருந்த மாதிரிப் படத்தில் 20 கட்டங்கள். குறுக்கே 4, நெடுக்கே 5. ஆறாம் ஆண்டிலோ 31 பிள்ளைகள். மண்டபச் சுவரும் பெரியது. படத்தில் உள்ள அளவு போதாது. ஏற்பாட்டுக் குழு கண்ட தீர்வு என்ன தெரியுமா? படத்தை நகல் பொறியில் 150 விழுக்காடு பெரிதாக்குவது. கையெழுத்தும் தையலும் 'நன்றாக வரும்' 20 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு கட்டம் கொடுப்பது. எஞ்சிய 11 பேரை நூல் கோக்கவும் துணி தேய்க்கவும் விடுவது!

இத்தீர்வு தையல் முறைப்படியும் தவறு, கணக்குப்படியும் தவறு, ஆசிரியத் தொழிலின்படியும் தவறு. முதலில் தையலையே எடுத்துக்கொள்கிறேன். 'உணர்ச்சிவயப்பட்டுப் பேசுகிறார், நடைமுறை தெரியாதவர்' என்று ஒதுக்கிவிட எவருக்கும் இடம் கொடுக்க விரும்பவில்லை.

அந்தப் படத்தில் ஒவ்வொரு கட்டமும் தைத்து முடிந்தபின் 12 அங்குலச் சதுரம். ஒன்பது துண்டுகளால் ஆன கட்டமும் நான்கு துண்டுகளால் ஆன கட்டமும் சதுரங்கப் பலகைபோல் மாறி மாறி வருகின்றன. ஒன்பது துண்டுக் கட்டத்தில் ஒவ்வொரு துண்டும் 4 அங்குலம். ஆனால் வெட்டும்போது 4½ அங்குலம். நான்கு துண்டுக் கட்டத்தில் 6 அங்குலம், வெட்டும்போது 6½. அந்த அரை அங்குலம், இரு பக்கமும் தையலுக்காக விடும் கால் கால் அங்குலம். போர்வை எவ்வளவு பெரிதானாலும் இந்தக் கால் அங்குலம் மாறாது. தையற்பொறியின் ஊசிக்குப் போர்வையின் அகலம் தெரியாதல்லவா?

நகல் பொறிக்கோ எது துணி, எது தையலுக்கு விட்ட ஓரம் என்பது தெரியாது. அனைத்தையும் ஒரே விகிதத்தில் ஊதிப் பெருக்கிவிடும். 4½ அங்குலத் துண்டு 6¾ ஆகும், தேவையோ 6½. 6½ அங்குலத் துண்டு 9¾ ஆகும், தேவையோ 9½. 'கால் அங்குலந்தானே!' என்பீர்கள். ஒன்பது துண்டுக் கட்டத்தில் ஒரு வரிசைக்கு மூன்று துண்டுகள். தைத்து முடிந்ததும் 18 அங்குலம் வரவேண்டிய கட்டம் 18¾ வரும். நான்கு துண்டுக் கட்டத்தில் வரிசைக்கு இரண்டே துண்டுகள். அது 18½ வரும். அருகருகே வரும் இரு கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. இழுத்துப் பிடித்துத் தைத்தால் போர்வை முழுவதும் சுருக்கம் விழும். அப்போது பழி யார்மேல் விழும்? 'பிள்ளைகளுக்கு ஒழுங்காகத் தைக்கத் தெரியவில்லை' என்பார்கள்.

துணிக் கணக்கு இன்னும் வேடிக்கை. படம் ஒன்றரை மடங்கு பெரிதாவதால் துணியும் ஒன்றரை மடங்கு போதுமென்று பெற்றோர்க்குக் கடிதம் போயிற்று. 48-க்கு 60 அங்குலம் என்றால் பரப்பு 2,880 சதுர அங்குலம். 72-க்கு 90 என்றால் 6,480. வகுத்துப் பாருங்கள்: 2¼ மடங்கு! நீளம் பெருகினால் பரப்பு எப்படிப் பெருகும் என்பதை வகுப்பறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாமே, கத்தரிக்கோலை எடுத்தவுடன் அதை மறந்துவிடலாமா? பயிற்சி நூலில் உள்ள கணக்கு வேறு, வாழ்க்கைக் கணக்கு வேறு என்று நாமே பிரித்து வைத்திருப்பதன் விளைவு இது.

சரி, வேறு வழி என்ன? கட்டத்தைப் பெரிதாக்காதீர்கள், கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அதே 12 அங்குலக் கட்டம், அதே அச்சு. குறுக்கே 5, நெடுக்கே 7, ஆக 35. அளவு 60-க்கு 84 அங்குலம். நாற்புறமும் 6 அங்குலக் கரை சேர்த்தால் 72-க்கு 96. குழு கேட்ட அளவைவிட நீளம் சற்றுக் கூடுதலே. இதில் இன்னோர் அழகும் உண்டு. 4-க்கு 5 என்னும் அமைப்பில் ஒரு பக்கம் இரட்டைப்படை. ஆகவே மாறி மாறி வரும் கட்டங்கள் நான்கு மூலைகளிலும் ஒன்றுபோல் அமையா. 5-க்கு 7 என்றால் இரு பக்கமும் ஒற்றைப்படை. நான்கு மூலைகளிலும் ஒன்பது துண்டுக் கட்டமே வந்து அமரும். அசல் படத்தைவிட நம்முடையது சீராக இருக்கும்!

31 பிள்ளைகளுக்கு 31 கட்டங்கள் போக எஞ்சுபவை நான்கு. அவற்றை மூலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் பள்ளியின் பெயர், ஒன்றில் ஆண்டு, ஒன்றில் செம்பருத்தி. நான்காவதை, ஆண்டின் நடுவில் மாற்றலாகிப் போன பிள்ளைக்கு வைக்கலாம். அப்படி ஒரு பிள்ளை இல்லாத வகுப்பை நான் கண்டதில்லை. வேறு எண்ணிக்கை என்றாலும் இதே வழிதான். 37 பேர் என்றால் 6-க்கு 7, மிச்சம் ஐந்து. கரையின் நீளத்தை மட்டும் போர்வையின் ஓரத்தில் அளக்காமல் நடுவில் அளந்து வெட்டுங்கள். ஓரம் கைபட்டு இழுபட்டிருக்கும். நடு பொய் சொல்லாது.

இது என் கண்டுபிடிப்பன்று. 1942-இல் சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த பெண்கள் மூன்று போர்வைகள் தைத்தார்கள். ஆளுக்கு ஆறு அங்குல வெள்ளைத் துணி தரப்பட்டது. தன்னைப் பற்றிய ஏதோ ஒன்றை அதில் தைக்கவேண்டும். ஒவ்வொரு போர்வைக்கும் 66 சதுரங்கள். தேர்ந்த கைகளும் பழகாத கைகளும் அருகருகே நிற்கின்றன. வேறு முகாம்களில் இருந்த கணவன்மார்க்கு 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்ல அந்த ஆறு அங்குலம் போதுமாயிருந்தது. அவற்றுள் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. அதே சிறையில் சாரணச் சிறுமியர், 8 வயதுப் பிள்ளை முதற்கொண்டு, அறுகோணத் துண்டுகளால் தைத்த போர்வையை இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் காத்து வருகிறது. அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் மாண்டவர்களுக்காகத் தொடங்கிய நினைவுப் போர்வை 1987-இல் வாஷிங்டனில் விரிக்கப்பட்டபோது 1,920 பலகங்கள் கொண்டிருந்தது. இன்று ஏறத்தாழ 50,000. ஒரு பலகம் 3-க்கு 6 அடி. அன்றும் அதே அளவு, இன்றும் அதே அளவு. பெருகியது பெயர்களின் எண்ணிக்கை!

இனி, குழுவினர் சொல்லும் மறுப்பு. 'சில பிள்ளைகளின் தையல் கோணலாக இருக்கும். சிறப்பு விருந்தினர் பார்ப்பார்களே!' இருக்கட்டும். எந்த வேலைக்குத் துல்லியம் வேண்டும், எதற்கு வேண்டா என்று பிரிப்பதுதான் ஆசிரியர் செய்யவேண்டியது. துண்டுகளை இணைக்கும் தையல் நேராக இருந்தாகவேண்டும். அதைத் தையற்பொறி வைத்திருக்கும் பெற்றோர் செய்யட்டும். பிள்ளை செய்யவேண்டியது, தன் கட்டத்தின் வெள்ளைத் துண்டில் தன் பெயரை நூலால் எழுதுவது. அது கோணலாக இருந்தால் போர்வை கிழிந்துவிடாது. 11 வயதுக் குழந்தையின் பெயர் 11 வயதுக் குழந்தையின் கையில் எப்படி வருமோ அப்படித்தான் வரும்.

2021-இல் யூபிஎஸ்ஆர் தேர்வை ஒழித்தார்கள். பிள்ளைகளைத் தரம் பிரித்து முன்வரிசை, பின்வரிசை என்று அமர்த்தும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. தேர்வு இல்லாவிட்டால் நாமே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறோம்; இப்போது ஊசி நூலிலும்! பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை அந்த இருபதில் ஒருவர் என்று அறிந்து மகிழ்ந்த பெற்றோர் சிலரோடு பேசினேன். பதினொருவரின் பெற்றோர் எவரும் வாய் திறக்கவில்லை. பழகிப்போய்விட்டது போலும். பேசுங்கள் ஐயா, பேசுங்கள் அம்மா. உங்கள் வீட்டுப் பழந்துணிதானே அந்தப் போர்வையில் சேரப்போகிறது?

துணி பற்றிக் கேட்டவர்களுக்கு: பருத்தி மட்டும் கொடுங்கள், பட்டும் நைலானும் அதனோடு சேரா. வெட்டுமுன் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். தைத்தபின் சுருங்கினால் மீட்க வழியில்லை. மலாய்க்காரர்கள் 'பெர்ச்சா' என்று சொல்லும் வெட்டுத்துணி தையற்கடைகளில் கேட்டாலே கிடைக்கும். உள்ளே பஞ்சு வேண்டா. சுவரில் தொங்குவதற்கும் நம் நாட்டு வெயிலுக்கும் ஒரு பழைய படுக்கை விரிப்பே போதும். அடித்துணிக்கு, 45 அங்குல அகலமுள்ள பருத்திச் சேலை ஒன்றை இரண்டாக வெட்டி அகலவாட்டில் இணைத்தால் 72 அங்குலத்தைத் தாராளமாகத் தாண்டும்.

குழு அடுத்த வாரம் மீண்டும் கூடுகிறது. வெட்டுக் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன்: 4½ அங்குலத்தில் 162 துண்டுகள், 6½ அங்குலத்தில் 68. அவற்றுள் பிள்ளைகளின் பெயருக்கான வெள்ளைத் துண்டுகள் சிறியவை 14, பெரியவை 17. எழுத்து பெரிதாக வரும் பிள்ளைகளுக்குப் பெரிய துண்டைக் கொடுங்கள். அந்த 31-ஐ முதலில் வெட்டிவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.