சைகோன் போனவரும் தீவுக்குப் போனவரும்

ஒரே துறைமுகத்தில் கப்பல் ஏறிய இரு கூட்டத்தாரின் கதை

புதுச்சேரியில் மாதந்தோறும் பிரெஞ்சு சர்க்காரின் பென்சன் வாங்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. "சொல்தா வீடு" என்று ஊரார் சொல்லுவார்கள். "சொல்தா" என்பது பிரெஞ்சு மொழியில் இருந்து வந்த சொல். போர்வீரன் என்று பொருள். அந்த வீட்டுத் தாத்தாவோ, அவருடைய தகப்பனாரோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருப்பார். அல்லது சைகோன் நகரத்தில் உத்தியோகம் பார்த்திருப்பார்.

இதே புதுச்சேரிக் கடற்கரையில் இருந்து இன்னொரு கூட்டமும் கப்பல் ஏறியது. அவர்கள் கரும்புத் தோட்டத்துக் கூலிகளாகத் தூரத்துத் தீவுகளுக்குப் போனார்கள். சைகோன் போனவர்களை விட அவர்கள் பல மடங்கு அதிகம். ஆனால் அவர்களைப் பற்றி இங்கே பேசுவார் இல்லை.

இரண்டு கூட்டத்தாரும் தமிழர்கள். இரண்டு கூட்டத்தாரும் பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர்களுக்கே போனார்கள். ஒரு கூட்டம் நாற்காலியில் அமர்ந்தது. மற்றொரு கூட்டம் அரிவாளைப் பிடித்தது. ஏன் இந்த வித்தியாசம்?

"சைகோன்காரர்கள் கெட்டிக்காரர்கள். தீவுக்குப் போனவர்கள் பாவம், அவர்கள் தலைவிதி அப்படி" என்று சிலர் சொல்லுவார்கள். அது உண்மைதானா என்று பார்ப்போம்.

கரும்புத் தோட்டம்

1848-ம் ஆண்டில் பிரெஞ்சு நாடு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. ரீயூனியன் தீவில் மட்டும் சுமார் 60 ஆயிரம் அடிமைகள் விடுதலை பெற்றார்கள். தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. அவர்களுடைய பார்வை புதுச்சேரி மீதும் காரைக்கால் மீதும் விழுந்தது.

தென்னார்க்காடு, தஞ்சாவூர் பக்கத்து ஏழை மக்கள் ஆள்பிடிப்போரின் பேச்சை நம்பி வந்தார்கள். பிரிட்டிஷ் எல்லையில் பிறந்தவர்களும் பிரெஞ்சுத் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். 1860, 1861-ம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் சர்க்காரும் பிரெஞ்சு சர்க்காரும் இதற்கு ஒப்பந்தமே செய்து கொண்டன.

சுமார் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரீயூனியனுக்குப் போனார்கள். அமெரிக்கா பக்கம் உள்ள குவாதலூப் தீவுக்குச் சுமார் 42 ஆயிரம் பேர். அதன் அருகே உள்ள மர்த்தினிக் தீவுக்குச் சுமார் 25 ஆயிரம் பேர். "ஒரேலி" என்ற கப்பல் 1853-ம் ஆண்டில் மர்த்தினிக்குக்கும், 1854-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. பயணம் சுமார் மூன்று மாதம்.

ஒப்பந்தம் 5 ஆண்டுக்கு. வாரத்தில் 6 நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரம் வேலை என்று காகிதத்தில் எழுதியிருந்தது. எழுதியது ஒன்று, நடந்தது ஒன்று. தோட்டத்தை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் அகப்பட்டால் "ஊர்சுற்றி" என்று தண்டனை. கூலியில் பிடித்தம். நோய் வந்து மாண்டவர்கள் ஏராளம். ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம்.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் துன்பப்பட்ட நம் பெண்களை நினைத்து மகாகவி பாரதியார் மனம் உருகிப் பாடினார். அதே துன்பத்தைத்தான் பிரெஞ்சுத் தீவுகளின் தமிழ்ப் பெண்களும் பட்டார்கள்.

கொடுமை பெருகவே பிரிட்டிஷ் சர்க்கார் தலையிட்டது. 1882-ம் ஆண்டில் ரீயூனியனுக்கும், 1888-ம் ஆண்டில் மற்ற இரு தீவுகளுக்கும் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆனால் போனவர்கள் போனவர்கள்தான்.

சைகோன் உத்தியோகம்

இனி மற்றக் கப்பலைப் பார்ப்போம்.

1859-ம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தார்கள். இன்றைய வியட்நாமின் ஹோ சி மின் நகரம்தான் அது. புதிய நாட்டை ஆள குமாஸ்தா வேண்டும், போலீஸ்காரர் வேண்டும், சுங்கச் சாவடிக்கும், தபால் ஆபீசுக்கும், சிறைச்சாலைக்கும் ஆள் வேண்டும். பிரெஞ்சு படித்த புதுச்சேரி, காரைக்கால் வாலிபர்கள் புறப்பட்டார்கள். சந்தை வரி வசூலைக் குத்தகை எடுத்தவர்களும் உண்டு.

அவர்களோடு வியாபாரிகளும் போனார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் ஜவுளிக்கடை நடத்தினார்கள். சைகோனில் மாரியம்மன் கோவிலும் எழுந்தது. இந்திய முஸ்லிம்களின் மசூதியும் எழுந்தது. இரண்டும் இன்றும் அங்கே உள்ளன.

சைகோனில் இருந்து வந்த பணத்தில் புதுச்சேரியில் வீடு எழுந்தது, பெண்களுக்குக் கலியாணம் நடந்தது, பிள்ளைகள் படித்தார்கள்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்த ஊர்க் குடியானவனுக்கு நம்மவர் எல்லாரும் நல்லவராகத் தோன்றவில்லை. வரி வசூலிப்பவர், வட்டி கேட்பவர், போலீஸ்காரர் என்றுதான் அவன் பார்த்தான். அவனுடைய நாட்டைப் பிடித்து ஆண்டவனின் கையாளாகத்தான் நம்மவரில் பலர் அங்கே இருந்தார்கள். அந்த உயர்வுக்கு இப்படி ஒரு விலையும் இருந்தது.

ஒரு கையெழுத்து

சைகோன்காரருக்கு அந்த உயர்வு எங்கிருந்து வந்தது? ஒரு கையெழுத்தில் இருந்து வந்தது!

1881-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி பிரெஞ்சு சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. பிரெஞ்சு இந்தியாவில் பிறந்தவர் தம் குல வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம். குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக் கொள்ள வேண்டும். கையெழுத்துப் போட்டால் போதும். சட்டத்தின் முன் அவர் பிரெஞ்சுக்காரருக்குச் சமம். திரும்பப் பழைய நிலைக்குப் போக முடியாது.

இதற்கு முன்னோடியாக நின்றவர் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873-ம் ஆண்டில் அவர் ஐரோப்பியர் போல் பூட்ஸ் அணிந்து கோர்ட்டுக்குள் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று அபராதம் விழுந்தது. அவர் விடவில்லை. பாரிஸ் உயர்ந்த நீதிமன்றம் வரை போய் வென்றார். பின்னர் "லப்போர்த்" என்று குடும்பப் பெயர் வைத்துக் கொண்டார். பிரெஞ்சு மொழியில் அதற்குக் "கதவு" என்று பொருள்.

அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். உயர்சாதி இந்துக்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்று ஒதுங்கினார்கள். கிறிஸ்தவர்களும், ஊருக்குள் ஒடுக்கி வைக்கப்பட்ட மக்களும்தான் அதிகமாகக் கையெழுத்துப் போட்டார்கள். சொந்த ஊரில் கிடைக்காத மரியாதை அந்தப் பத்திரத்தில் கிடைத்தது.

அந்தப் பத்திரத்தோடு சைகோனில் இறங்கியவரை "கூலி" என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு ஓட்டு உண்டு. அங்கே ஓட்டுரிமை பெற்றவர்கள் கொஞ்சம் பேர். ஆகவே புதுச்சேரிக்காரரின் ஓட்டுக்குத் தேர்தலில் பெரும் கிராக்கி! ஐரோப்பியருக்கு உரிய சம்பளம் தங்களுக்கும் வேண்டும் என்று அவர்கள் மனுவுக்கு மேல் மனு போட்டு வாதாடினார்கள். மனுப் போட அவர்களுக்கு எழுத்து தெரியும். மனுவை வாங்க ஆள் இருந்தது.

தோட்டத்துக் கூலிக்கு இவற்றில் எதுவும் இல்லை. கைநாட்டு வைத்த ஒப்பந்தம்தான் அவன் கையில் இருந்த ஒரே காகிதம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

சிதம்பரத்தின் போர்

குவாதலூப் தீவில் ஒரு தமிழ்க் கூலிக் குடும்பத்தில் 1863-ம் ஆண்டில் ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் ஹென்றி சிதம்பரம். அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிரெஞ்சு படித்தார். அதனால் வரலாறு மாறியது.

1904-ம் ஆண்டில் தீவில் பிறந்த இந்தியரின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை கேட்டு அவர் வழக்கைத் தொடங்கினார். அதிகாரிகள் மறுத்தார்கள். கூலிகள் பிரிட்டிஷ் பிரஜைகள், பிரெஞ்சுக் குடிகள் அல்ல என்பது அவர்கள் வாதம். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே உழைக்கிறவன் வேறு எந்த நாட்டான் என்று சிதம்பரம் கேட்டார்.

ஓர் ஆண்டல்ல, இரண்டு ஆண்டல்ல. 19 ஆண்டு போராடினார். 1923-ம் ஆண்டில் வெற்றி கிடைத்தது. குவாதலூப் இந்தியர்கள் பிரெஞ்சுக் குடிகளாக ஓட்டுப் போட்டார்கள். 1952-ம் ஆண்டில் அவர் காலமானார்.

ஒரே பிரெஞ்சு நாட்டின் கீழ்தான் இது நடந்தது. புதுச்சேரிக்காரருக்கு 1881-ல் ஒரு கையெழுத்தில் கிடைத்தது, கூலியின் பிள்ளைக்கு 42 ஆண்டு கழித்துத்தான் கிடைத்தது.

காலம் திரும்பியது

அதோடு கதை முடியவில்லை.

1946-ம் ஆண்டில் ரீயூனியன், குவாதலூப், மர்த்தினிக் மூன்றும் பிரெஞ்சு நாட்டின் ஜில்லாக்கள் ஆயின. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, உதவித்தொகை எல்லாம் மெல்ல மெல்ல வந்தன. கூலியின் பேரன் வாத்தியார் ஆனான், வக்கீல் ஆனான். குவாதலூப் தீவின் ஏர்னஸ்ட் முத்துசாமி 1981 முதல் 2002 வரை பாரிஸ் பாராளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். ரீயூனியனில் ழான் போல் வீராப்புள்ளே நகரத் தலைவராகவும், பாராளுமன்றத்தின் மேல்சபை உறுப்பினராகவும் இருந்தார். பெயரைப் பாருங்கள், தமிழ் வாசனை போகவில்லை.

சைகோன்காரருக்கு எதிர்மாறாக நடந்தது. 1954-ம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சி வியட்நாமில் முடிந்தது. பலர் மூட்டை கட்டினார்கள். மிச்சம் இருந்தவர்களில் அநேகர் 1975-ம் ஆண்டில் சைகோன் வீழ்ந்தபோது வெளியேறினார்கள். கடையும் வீடும் அங்கேயே நின்றன.

அதே 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது. 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படி இணைப்பு முழுமை பெற்றது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள், பேரர்கள் இன்று பாரிசில் இருக்கிறார்கள். எழுதிக் கொடுக்காதவர் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்து வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதும் உண்டு. மீண்டும் ஒரு கையெழுத்துதான்!

ஒன்றை இழந்தார்கள்

தீவுத் தமிழர்கள் பெற்றதைச் சொன்னோம். இழந்ததையும் சொல்ல வேண்டும். அவர்கள் தமிழை இழந்தார்கள். தோட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை. இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டுப் பேச்சும் மாறிப் போயிற்று.

ஆனாலும் சாமியை விடவில்லை. ரீயூனியனில் இன்றும் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். சமையலையும் விடவில்லை. குவாதலூப்பில் "கொலொம்போ" என்று ஒரு கறி உண்டு. அது நம் வீட்டுக் குழம்புதான்!

சைகோனில் இருந்தும் நம்மூருக்கு ருசி வந்திருக்கிறது. வியட்நாம் பெண்ணை மணந்து திரும்பியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு "நெம்" பலகாரத்தைப் புதுச்சேரிப் பிள்ளைகள் பலரும் அறிவார்கள்.

நமக்கு என்ன பாடம்?

இரண்டு கூட்டத்துக்கும் இரத்தம் ஒன்று, மொழி ஒன்று, உழைப்பும் ஒன்று. வேறுபட்டவை மூன்று. கையில் இருந்த பத்திரம். படித்த பள்ளிக்கூடம். போடக் கிடைத்த ஓட்டு. இந்த மூன்றும் இருந்தவன் முதலிலேயே உயர்ந்தான். இல்லாதவன் இவை கிடைத்த பிறகு உயர்ந்தான். ஆகவே தலைவிதி என்று சொல்லுவது தவறு.

இன்றும் நம் ஊர்ப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். போகுமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். சம்பளம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, திரும்பி வரும் செலவு யாருடையது என்று கேளுங்கள். ஏஜெண்டு சர்க்காரிடம் பதிவு செய்தவர்தானா என்று விசாரியுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கேட்காமல் கைநாட்டு வைத்தவர்கள் பட்ட பாட்டை மேலே பார்த்தோம்.

இன்னொன்றும் உண்டு. புதுச்சேரியில் எழும் கட்டிடங்களில் பீகார், ஒடிசா, வங்காள மாநிலத்துத் தொழிலாளிகள் வேலை செய்கிறார்கள். மொழி தெரியாது, தகரக் கொட்டகையில் தூக்கம். அவர்களை ஏளனமாகப் பேசுவோரும் இருக்கிறார்கள்.

மர்த்தினிக் கரையில் இறங்கிய நம் பாட்டனும் இப்படித்தான் நின்றான். இந்தத் தொழிலாளிகளுக்குப் பேசிய கூலி குறையாமல் கிடைக்க வேண்டும். அது கணக்கில் எழுதப்பட வேண்டும். அவர்கள் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இதைச் செய்வது பெரிய காரியம் அல்ல. இரண்டு கூட்டத்தையும் கடல் கடந்து அனுப்பிய புதுச்சேரிக்கு, மற்ற எந்த ஊரையும் விட இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.