தொட்டி முதலில், அடுப்பு பிறகு

விறகின் வெப்பம் இலவசம் என்று சொல்பவர்கள் ஒரு குளிர்காலத்துக்கான விறகைப் பிளந்து அடுக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். 2022-ல் எரிபொருள் விலை ஏறியபோது பிரிட்டனில் விறகடுப்புகளின் விற்பனையும் ஏறியது. வீட்டையும் குளியல் நீரையும் ஒருசேரச் சூடாக்கும் பாய்லர் அடுப்பின் மீதான மோகமும் அதைச் சார்ந்ததே. அந்த மோகத்தை நாம் குறை கூறவில்லை. அதன் வரிசைமுறைதான் நமக்கு உறுத்துகிறது.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல பிரிட்டிஷ் வீடுகளில் கரியடுப்பின் முதுகுப்புறம் ஒரு சிறு பாய்லர் இருந்தது. நம் கொல்லைப்புறத்துச் செம்பு பாய்லரை அறிந்தவர்களுக்கும் தத்துவம் புதிதல்ல: நடுவில் நெருப்பு, சுற்றிலும் நீர். ஆனால் நம் பாய்லரில் வீட்டார் குளித்து முடித்ததும் நெருப்பின் வேலையும் முடிந்துவிடும். குளிர்நாட்டு அடுப்புக்கு அந்தச் சலுகை இல்லை. விடியும்வரை வீடு சூடாக இருந்தாக வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விறகிலிருந்து எழும் புகை தானும் எரிந்து தீர மிகுந்த சூடு வேண்டும். பாய்லரின் நீரோ அச்சூட்டை அடுப்பின் சுவர்வழியே உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. சுவர் அதிகம் குளிர்ந்தால் புகையிலுள்ள ஈரமும் தாரும் அதன்மீது படிந்து அரிக்கத் தொடங்கும். ஆகவே ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பிவரும் நீரைக் கலப்பு வால்வு ஒன்றின்வழி ஏறத்தாழ 60 பாகை அளவில் வைத்தே உள்ளே விடுகிறார்கள். இதையெல்லாம் செய்த பிறகும், இரவில் காற்றுவாயைச் சாத்தி நெருப்பைத் தூங்கவைக்கும் பழக்கம் அனைத்தையும் கெடுத்துவிடுகிறது. மூச்சுத் திணறும் நெருப்பு கக்கும் புகை அண்டை வீட்டாரின் நுரையீரலுக்குப் போகிறது. 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956-ன் தூய காற்றுச் சட்டம் அதன் பின்விளைவு. அன்று குற்றவாளி நிலக்கரி. விறகுப்புகையின் நுண்துகள் அதைவிடச் சாது என்று நம்ப முகாந்திரமில்லை.

தீர்வு எளியது, இடத்தை அடைப்பது: பெரிய தொட்டி. ஸ்வீடனிலும் ஆஸ்திரியாவிலும் விறகு பாய்லருடன் இது வழக்கமாகவே சேர்ந்து வருகிறது. 500 லிட்டர் நீரை 40 பாகையிலிருந்து 80-க்கு ஏற்றினால் சுமார் 23 யூனிட் வெப்பம் அதில் சேமிப்பாகும். நன்கு உலர்ந்த விறகு எட்டுக் கிலோ இருந்தால் போதும். காற்றை முழுதாகத் திறந்து, உக்கிரமாக எரித்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் அணையவிடலாம். இரவைத் தொட்டி பார்த்துக்கொள்ளும். நெருப்பைத் தூங்கவைக்கத் தேவையே எழாது.

உலர்ந்த விறகு என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர். அதை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் ஒரு பங்கு வீணாகும். 2021 முதல் இங்கிலாந்தில், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கப்படும் விறகில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காட்டிலிருந்து தானே வெட்டிக்கொள்பவர் பிளந்த விறகை இரண்டு கோடைகள் காயவைப்பது நல்லது. ஆக, அடுப்பு வாங்குமுன் தொட்டிக்கும் விறகுக் கொட்டகைக்கும் இடம் பார்க்க வேண்டும். நடைமுறையிலோ அடுப்பு முதலில் வந்துவிடுகிறது, கண்ணாடிக் கதவின் அழகுக்காக!

இன்னொன்று. விறகு நெருப்பை விசையைத் தட்டி அணைக்க முடியாது. மின்சாரம் போய்ப் பம்பு நின்றால் பாய்லரில் நீர் கொதிக்கும். அதற்காகவே பழைய முறையில், பரணில் திறந்த தொட்டியும், சூடான நீர் பம்பின்றித் தானே ஏறிச்சென்று ஆறும்படி வால்வில்லாத ஒரு ரேடியேட்டரும் வைத்தார்கள். செலவைக் குறைக்க இவற்றை நீக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்கலாகாது.

தொட்டிக்கு இடமில்லாத வீட்டுக்காரர்கள் பாய்லர் ஆசையை விட்டுவிடலாம். கூடத்துக்கு வெறும் விறகடுப்பு போதும். வெந்நீரை மின்சாரத்திடம் ஒப்படைக்கலாம்.