வாழ்க்கைச் செலவுப் புள்ளியும் தோட்டத்துக் கூடையும்

விலை ஏறிவிட்டதென்பதை அறியக் குடும்பத் தலைவிக்குப் புள்ளிவிபரம் வேண்டுவதில்லை. கடைக்குப் போய்வந்தாற் போதும். ஆயினும் சம்பளப் பேச்சில் அவளது அனுபவம் சான்றாவதில்லை. அங்கே எண்களே பேசுகின்றன. ஆதலால், வாழ்க்கைச் செலவுப் புள்ளி எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பது நிபுணர்க்கு மட்டும் உரிய வினாவன்று. அப்புத்தளைத் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்கும் உரியது.

குடும்பங்கள் வாங்கும் பண்டங்களை ஒரு கூடையாகக் கொண்டு, செலவிற் பெறும் பங்குக்கேற்ப ஒவ்வொன்றுக்கும் நிறை வழங்கி, விலைமாற்றத்தைக் கணிப்பதே முறை. எனவே, யாருடைய கூடை என்பதே முதல் வினா. தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிப்புள்ளி ஒன்று இந்நாட்டில் முன்னர் இருந்தது. பின்னர், 1952ஐ அடிப்படையாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணே அளவுகோலாயிற்று. கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களிடம் 1949-50இல் நடந்த ஆய்வே அதற்கு ஆதாரம். 2007இல் புதிய சுட்டெண் வரும்வரை அப்பழங்கூடையே ஆட்சி செலுத்தியது.

2013ஐ அடிப்படையாகக் கொண்ட கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் நிறை நூற்றுக்கு ஏறக்குறைய 28. அதே ஆண்டை அடிப்படையாகக் கொண்ட தேசியச் சுட்டெண்ணில் 44. உணவு விலை மட்டும் இரட்டித்தால், முன்னது 28 வீதமும் பின்னது 44 வீதமும் உயரும். விலை ஒன்றே, கூடை வேறானதால் விடையும் வேறாயிற்று. உணவுக்கே வருவாயின் பெரும்பகுதியைச் செலவிடும் தோட்டக் குடும்பத்தின் சுமை இதனினும் மிகுதி. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். நாட்கூலியோ 2024 வரை அசையவில்லை.

1996இல் அமெரிக்காவில் பொஸ்கின் தலைமையிலான நிபுணர் குழு, அந்நாட்டுச் சுட்டெண் விலையேற்றத்தை ஆண்டுக்கு 1.1 வீதம் மிகைப்படுத்துவதாகக் கூறிற்று. ஒரு பண்டம் விலையேறின் மக்கள் மலிவான பிறிதொன்றுக்கு மாறுவர் என்பது அது காட்டிய காரணங்களுள் ஒன்று. செல்வ நாட்டுக்கு அது பொருந்தலாம். கோதுமை மா ரொட்டியே அன்றாட உணவான குடும்பம், மாவின் விலை ஏறும்போது எதற்கு மாறும்? மாறுவதற்கு எஞ்சியிருப்பது அரைவயிறு மட்டுமே. நிபுணர் கருத்தையும் இடமறிந்தே ஏற்றல் வேண்டும்.

தனிப்புள்ளி கணித்தல் இயலாததொன்றன்று. இந்தியாவில் தொழிலாளர் விலைச் சுட்டெண்ணுக்கு நீலகிரியின் குன்னூர் தனி மையமாக விளங்குகின்றது. வேளாண் தொழிலாளர்க்கெனத் தனிச் சுட்டெண்ணும் உண்டு. நம் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களமும் குடும்ப வரவு செலவு ஆய்வில் நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பகுத்தே தகவல் திரட்டுகின்றது. நிறைகளுக்கு வேண்டிய தரவு கையிலிருக்கிறது. தோட்டத்துக் கடைகளின் விலையை மாதந்தோறும் குறித்தலே எஞ்சிய வேலை.

கணிதமும் பொருளியலும் பயிலும் நம் மாணவர், தத்தம் வீட்டுச் செலவை ஓராண்டு எழுதிப் பார்ப்பாராக. உத்தியோகத்திலும் தொழிற்சங்கங்களிலும் உள்ள பழைய மாணவர், தோட்டத்துறைக்குத் தனிச் சுட்டெண் வேண்டுமென உரிய இடத்தில் வற்புறுத்துவாராக. கொழுந்துக் கூடையை நாள்தோறும் நிறுக்கும் இம்மலைநாட்டில், அதைச் சுமப்பவரின் உணவுக்கூடையையும் ஒருமுறை நேர்மையாக நிறுத்தல் நீதியாகும்.