குனிய முடிகிறது; ஆயினும் விழுந்தது ஏன்?

வாசகி ஒருவர் எழுதிய மடல் நம் மேசையில் இருக்கிறது. "என் மாமியாருக்கு வயது 68. நாள்தோறும் காலையில் எழுந்தவுடன் கை கால்களை நீட்டிப் பயிற்சி செய்கிறார். முழங்கால் மடங்காமல் குனிந்து பாதத்தைத் தொடுகிறார்; என்னாலேயே அது இயலாது. அப்படிப்பட்டவர் சென்ற மாதம் கொல்லைப்புறப் படியில் இறங்கும்போது தடுமாறி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இத்தனை நாள் செய்த பயிற்சியால் என்ன பயன் என்று அத்தை கேட்கிறார். நான் என்ன விடை சொல்வது?"

அத்தையின் கேள்வி நியாயமானது. உடல் வளைந்து கொடுப்பதும், நிலைகுலையாமல் நிற்பதும் ஒன்றே என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவை உறவுடையவை, ஆனால் ஒன்றல்ல.

ஒரு தசையை இதமாக நீட்டிச் சிறிது நேரம் அப்படியே நிறுத்தி, அதனை நாள்தோறும் செய்துவந்தால், சில வாரங்களில் மூட்டு முன்னிலும் அதிகமாக அசையும். தசை ரப்பரைப்போல் நீண்டுவிடுவதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதினர். வெப்ளர், மாக்னுசன் என்னும் இருவர் 2010-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து வேறொரு விளக்கம் தந்தனர். முதற் சில வாரங்களில் கிடைக்கும் நெகிழ்வில் பெரும்பகுதி, தசையின் நீளத்தால் வருவதன்று. "இதற்குமேல் போகாதே" என்று நரம்புகள் எழுப்பும் வலியுணர்வு சற்றுத் தாமதமாக வருவதால் உண்டாவது. உடல் அந்த நிலைக்குப் பழகிக்கொள்கிறது என்று கொள்ளலாம்.

நிலையாக நிற்பதோ மிகச் சிக்கலான வேலை. கண் ஒரு செய்தி அனுப்புகிறது. உட்செவியிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் திருப்பத்தை அறிவிக்கின்றன. தசைகளுக்குள்ளும் மூட்டுகளிலும் உள்ள நுண்ணிய உணர்வுறுப்புகள், கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இந்த மூன்றாவது உணர்வுக்கு 1906-இல் பெயர் சூட்டியவர் ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1932-இல் நோபெல் பரிசு பெற்றவர். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் உடல் சற்று ஆடுவதை எவரும் உணரலாம். மூன்று தூதர்களில் ஒருவர் வாய்மூடியதன் விளைவு அது.

செய்தி வந்தால் மட்டும் போதுமா? அதனைக் கேட்டு நடக்கும் கால்களுக்கு வலிமையும் விரைவும் வேண்டும். படியில் கால் இடறும்போது நம்மைக் காப்பது, மறு காலை நொடிப்பொழுதில் முன்னே வைத்து உடலின் பாரத்தைத் தாங்கும் ஆற்றலே. வயது ஏற ஏற நாம் இழப்பது இதனைத்தான். கோயிலில் முழந்தாளிட்டு எழும்போது முன்னிருக்கையைப் பற்றாமல் நம்மில் எத்தனை பேரால் எழ முடிகிறது?

அப்படியானால் நீட்டல் பயிற்சி வீணா? இல்லை. படியிறங்கும்போது மேற்படியில் ஊன்றியிருக்கும் காலின் கணுக்கால் நன்றாக மடங்கவேண்டும். கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் அது மடங்காது. உடல் சட்டென்று கீழே இறங்கிவிடும். ஆதலால் கெண்டைக்காலை நீட்டுவது முதியோருக்கு உண்மையாகவே உதவும். குனிந்து பாதத்தைத் தொடும்போது முக்கியமாக நீள்பவை தொடையின் பின்தசைகளும் முதுகுமே. அத்தை உழைத்தது உண்மை. உழைத்த இடந்தான் வேறு.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நடந்து 2004-இல் வெளிவந்த ஆய்வொன்றில், கால் தசைகளை 45 விநாடி வீதம் மும்முறை நீட்டியவர்களைச் சமநிலைப் பலகையில் நிற்கச் செய்தபோது, நீட்டாமல் இருந்த நாளைவிட அவர்கள் மிகுதியாகத் தடுமாறினர். 15 விநாடி அளவான நீட்டலில் அத்தகைய கேடு காணப்படவில்லை என்று 2009-இல் வேறோர் ஆய்வு கூறிற்று. நெடுநேர நீட்டலால் வரும் இத்தளர்ச்சி தற்காலிகமானதே. எனினும் நெடுநேரம் நீட்டிய உடனே படியிறங்காமல், சமதரையில் சிறிது நடந்துவிட்டுப் பிற வேலைகளைத் தொடங்குவது நன்று.

விழுவதைத் தடுப்பது எது? 25 நாடுகளில் 23,407 முதியோரைக் கொண்டு நடந்த 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அறிக்கை 2019-இல் வெளியாயிற்று. (அதனைத் தொகுத்தவர்களில் முதல்வர் பெயரும் ஷெரிங்டன், சிட்னியைச் சேர்ந்த பெண்மணி.) நின்றும் நடந்தும் அமர்ந்து எழுந்தும் சமநிலையைப் பழக்கும் பயிற்சிகள் வீழ்ச்சிகளை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தன. நீட்டல் மட்டுமே போதும் என்பதற்கு அங்கே சான்று இல்லை.

ஆகவே அத்தையிடம் பயிற்சியை நிறுத்தச் சொல்லவேண்டாம். அதனோடு சிலவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். சமையலறை மேடையைப் பற்றிக்கொண்டு ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒரே கோட்டில் வைத்து நிற்கட்டும். பழகியபின் ஒற்றைக் காலில் பத்து விநாடி. குதிகாலை உயர்த்தி இறக்குவதும், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும் பத்துப் பத்து முறை. தொடக்கத்தில் நீங்கள் அருகில் நில்லுங்கள். கை குணமாகும்வரை அவரைத் தனியே விடவேண்டாம். இவை முடிந்தபின் சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகால் தரையில் படிந்திருக்கக் கெண்டைக்காலை நீட்டட்டும். முதியோருக்கு ஒரு தடவைக்கு 30 விநாடி தகும். துள்ளி ஆட்டுதல் கூடாது.

கொல்லைப்புறப் படியில் விளக்கு உண்டா, பற்றிக்கொள்ளக் கம்பி உண்டா என்றும் பாருங்கள். தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை உண்பவரானால் அவையும் தடுமாற்றம் தரக்கூடும். மருத்துவரிடம் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று, மடலில் தாங்கள் கேட்காதது. இந்த வயதில் நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தால், எலும்பு மெலிந்திருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. அடுத்து முறிவது இடுப்பாகவும் இருக்கக்கூடும். மாவுக்கட்டை அவிழ்க்கச் செல்லும் அன்றே, எலும்பின் அடர்த்தியைச் சோதிக்கவேண்டுமா என்று மருத்துவரிடம் தவறாது கேளுங்கள்.