டீசற் புகையும் போத்தல் மருந்தும்

ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என வன்னிப் பெருநிலத்தை ஊடறுத்துச் செல்லும் ஏ-9 வீதியில், முதுமையெய்திய பேருந்துகளும் பாரவூர்திகளும் கக்கும் கரும்புகையை அறியாதார் இலர். வீதியை விட்டு வயலுக்கு இறங்கினும் உழவு இயந்திரம் அதே புகையையே உமிழ்கின்றது. இப்பிணிக்கு மருந்தென இன்று முன்வைக்கப்படுவது போத்தலில் அடைத்து விற்கப்படும் எரிபொருட் சேர்மானமாகும். தாங்கியில் ஊற்றிய மாத்திரத்தே புகை அகலும் என்பது விற்போர் வாக்கு. அறிவியலின் ஒரு பாதியைக் கூறி மறு பாதியை மறைக்கும் வாக்கு அது.

கூறப்படும் பாதி உண்மையே. டீசல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைப்பது தீப்பொறியன்று. அமுக்கப்பட்ட வளியின் வெப்பமேயாகும். பற்றுதல் தாமதிப்பின் தகனம் குழம்பும். சீட்டேன் எண்ணை உயர்த்தும் 2-எதைல்எக்சைல் நைத்திரேற்று போன்ற பொருள்கள் அத்தாமதத்தைக் குறைக்கின்றன. துப்புரவாக்கும் சேர்மானங்கள் நொசிலிற் படிந்த கரியை நீக்குகின்றன. ஆயின், எரிபொருளின் இயல்பைச் சோதித்து, அதற்கேற்ற அளவிற் கலக்கும்போதே இவை பயன்தருவன. இன்னதென்று அறியாத எரிபொருளில், உள்ளே இருப்பது யாதென்று எழுதப்படாத போத்தலைக் கவிழ்ப்பது வைத்தியம் ஆகாது.

மறைக்கப்படும் பாதியோ பெரிது. கரும்புகையின் காரணங்கள் அடைபட்ட வளி வடிகட்டி, தேய்ந்த நொசில், அளவு பிசகிய டீசல் பம்பு, அளவுமீறிய பாரம் என்பனவாம். வளி குறைந்து எரிபொருள் மிகுந்தாற் கரி பிறக்கும். தேய்ந்த நொசிலைப் புதுப்பிக்கவல்ல திரவம் எதுவுமில்லை.

கந்தகமும் அவ்வாறே. அது எரிந்து கந்தகவீரொட்சைட்டாகவும் நுண்துணிக்கையாகவும் வெளிப்படுவதோடு, புகையைத் தூய்மைசெய்யும் ஊக்கிகளையும் பழுதாக்குகின்றது. அதனை நீக்கவேண்டிய இடம் சுத்திகரிப்பு நிலையமேயன்றி வாகனத்தின் தாங்கியன்று. ஐரோப்பா 2009 இலும் இந்தியா 2020 ஏப்பிரலிலும் வீதி வாகனங்களுக்கான டீசலின் கந்தகத்தைப் பத்து இலட்சத்தில் 10 பங்காக மட்டுப்படுத்தின. இலங்கையிலோ கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் கூடிய விலைக்கும், கந்தகம் மிகுந்த ஓட்டோ டீசல் குறைந்த விலைக்கும் விற்கப்படுகின்றன. தூய காற்றும் இவ்வாறு பணமுடையோர் பண்டமாகிவிட்டது. சப்புகஸ்கந்தையில் 1969 இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையத்தைப் புதுப்பிக்குமாறு அரசைக் கேளாது, உழவனைப் போத்தல் வாங்கச் சொல்வது எவ்வகை நீதி?

சீரியம், இரும்பு முதலிய உலோகச் சேர்மானங்கள் இன்னும் எச்சரிக்கைக்குரியவை. துணிக்கை வடிகட்டி பூண்ட இயந்திரத்தில் இவை தேங்கிய கரியை எரிக்க உதவும். எஞ்சும் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கும். வடிகட்டியற்ற பழைய இயந்திரத்திலோ அவ்வுலோகம் நுண்தூளாகக் காற்றிற் கலக்கும். 1921 இல் தோமஸ் மிட்ஜ்லி கண்ட ஈயச் சேர்மானம் பெற்றோல் இயந்திரத்தின் இடிப்பைத் தீர்த்து, தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் மூளையைப் பாதித்தது. இலங்கை அதனை 2002 இலேயே கைவிட்டது; உலகம் முழுவதும் கைவிட 2021 வரை சென்றது. இயந்திரத்துக்கு நன்று என்பது மனிதனுக்கும் நன்று என்பதற்குச் சான்றாகாது.

புதிய இயந்திரம் வாங்க வசதியற்ற உழவனுக்கு இதுவே எளிய வழி என்பர் சிலர். பொருளாதாரத் தடை நிலவிய 1990 களில் மண்ணெண்ணெயோடு தாவர எண்ணெயைக் கலந்தும் வன்னி மக்கள் இயந்திரங்களை ஓட்டினரே என்றும் வாதிப்பர். அன்று நோக்கம் இயந்திரத்தை ஓடச்செய்வது, புகையைக் குறைப்பதன்று. வேறு வழியற்றோர் கைக்கொண்ட உபாயத்தை வழியுள்ள காலத்துக்குக் கொள்கையாக்குதல் அவர்தம் துன்பத்தை இழிவுசெய்வதாகும். வறியவனுக்குச் சிக்கனமானது பராமரிப்பே. மாதந்தோறும் போத்தலுக்கு இறைக்கும் பணம் நொசிலையும் வடிகட்டியையும் சீர்செய்ய உதவும், எரிபொருளும் மிச்சமாகும்.

2008 இல் ஆரம்பித்த புகைப் பரிசோதனையும் முழுக் காவலன்று. டீசல் வாகனத்தில் அது அளப்பது பாரமின்றி முடுக்கும்போது எழும் புகையின் கருமையையே. கண்ணுக்குப் புலனாகாத நைதரசன் ஒட்சைட்டுகள் அதில் அகப்படா. சான்றிதழ் பெறுதலே குறிக்கோளானால், சோதனையன்று மட்டும் புகை அடங்கினாற் போதுமென்னும் எண்ணமே வளரும். டீசற் புகை மனிதரிற் புற்றுநோயை விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியது. பேருந்தின் பின்னே சைக்கிள் மிதிக்கும் பள்ளிச் சிறாரின் சுவாசப்பைக்குச் சான்றிதழ் காப்பளிக்காது.

செய்யத்தக்கவை தெளிவானவை. கந்தகம் குறைந்த டீசல் யாவர்க்கும் ஒரே விலையிற் கிடைத்தல் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் தோறும் நொசிலும் பம்பும் சோதிக்கும் பட்டறைகள் அமைதல் வேண்டும். தன் உள்ளடக்கத்தை வெளியிடாத, சுயாதீனமாகச் சோதிக்கப்படாத எச்சேர்மானமும் விற்கப்படலாகாது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. 2021 முதல் வவுனியாவும் தனிப் பல்கலைக்கழகமாகியுள்ளது. சந்தையில் விற்கும் போத்தல்களைச் சோதித்து முடிவுகளைத் தமிழில் மக்கள்முன் வைத்தல் இவற்றின் கடமையாகும். வன்னி மண்ணில் எழுந்த கல்விக்கூடங்கள் அம்மண்ணின் காற்றைக் குறித்து வாளாவிருத்தல் தகாது.